நாளைக்கு யார் தலைமை

காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் இசையரசியின் கைப்பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. நாளுக்கு ஒருவர் என்ற முறையில், நான்கு ஆசிரியர்களில் இன்றைக்கு அவள்தான் தலைமை. அவளுடைய ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வரவில்லை. நல்ல அனுபவம் இருந்தும் பல வருடமாக ஐந்தாம் வகுப்பை விட்டு நகராத சவரிமுத்து சாரிடம் போய், "நாம வகுப்பை மாத்திக்கணும் சார்," என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"உத்தரவுங்க டீச்சர்," என்றார் அவர். "நாளைக்கு இந்த வெளிச்சம் யார் கைக்கு வரும்னு தெரியும்ல?"

மறுநாள் அவர் பட்டைதான் ஒளிர்ந்தது. பழையபடி மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இசையரசி ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தாள். சவரிமுத்து பிள்ளைகளுக்கு நடுவே, புத்தகம் விரித்திருந்த ஒரு சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பழையபடி மாத்தத்தான் வந்தேன். ஆனா இந்தப் பொண்ணு இப்பத்தான் முதல் தடவையா ஒரு வரி படிச்சா. நீங்க அஞ்சாம் வகுப்புக்குப் போங்க டீச்சர். இது என் உத்தரவு."