அவர் பெயர் அழியக் கூடாது

“உள்ளே அவர் பேரு இருக்கு. அது மட்டும் போயிடக் கூடாது” என்றபடி, கைக்குட்டையில் சுற்றிய பொருளை மேசைமேல் வைத்தார் அந்தப் பெண்மணி.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். செங்கல் கனத்தில் ஒரு பழைய கையடக்க வீடியோ கேம். இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி திசை பட்டன், வலது பக்கம் இரண்டு உருண்டைப் பட்டன்கள், மேலே பாசிப் பச்சையில் ஒரு திரை. முதுகில் ஆட்டம் பதிந்த கேசட் செருகியிருந்தது.

சுவிட்சைப் போட்டார். திரைக்குள் விளக்கு என்று எதுவும் கிடையாது. டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மேலிருந்து கட்டைகள் விழும் ஆட்டம் அது. அதிகப் புள்ளி எடுத்தவர் வரிசையில், முதலிடத்தில் மூன்றெழுத்துப் பெயர் ஒன்று நின்றது.

“சாரோடதா?”

“ஆமா. அவரு இதைத் தொட்டு வருஷக்கணக்காச்சு. ஆனா சாப்பிட உக்காந்தா இப்பவும் அவர் குரல்தான் காதுல கேக்குது.”

மெக்கானிக் கேமைப் பூப்போல மேசைமேல் வைத்தார். கடைக்கு வருகிற எல்லோரிடமும் எரிந்து விழுந்தே பழகிய மனிதர். இன்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார்.

“கேசட்டுக்குள்ள காசு அளவுல ஒரு பேட்டரி இருக்கும்மா. அதுல சார்ஜ் இருக்கிறவரைக்கும்தான் இந்தப் பேரு ஞாபகத்துல நிக்கும். இப்ப அது சாகக் கிடக்கு. கழட்டுனா பேரும் போயிடும். பேசாம வேற கேசட் வாங்கிக்கலாமே?”

“அதுல அவர் பேரு இருக்காதே. அவர் வாழ்க்கையில சாதிச்சது இது ஒண்ணுதான்.”

இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அழுது தீர்த்துவிட்டவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று மெக்கானிக் முடிவு கட்டினார். அந்த அம்மாவுக்கு இடது கட்டைவிரல் மட்டும் காய்த்துப் போயிருந்தது. பாவம், ஒண்டி ஆளாக என்னென்ன வேலை பார்க்கிறாரோ!

“ஒரு வழி இருக்கும்மா. கேமை ஓட விட்டுக்கிட்டே பேட்டரியை மாத்தணும். அந்த நேரத்துக்குக் கேமோட கரண்டுல பேரு உசுரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நடுவுல ஆஃப் ஆச்சுன்னா அவ்வளவுதான்.”

“ஆஃப் ஆகாம பாருங்க, தயவுசெஞ்சு.” அப்போதுதான் அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

மெக்கானிக் நான்கு புது பென்சில் செல்களைப் போட்டார். கேசட்டின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்த சர்க்யூட் பலகையை மட்டும் மறுபடி செருகி, சுவிட்சைத் தட்டினார். ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடான சால்டரிங் கம்பியால் ஈயத்தை இளக்கி, பழைய பேட்டரியைத் தூக்கினார்.

சிவப்பு விளக்கு மங்கியது. செல் மாட்டுகிற ஸ்பிரிங்கில் துரு. இரண்டு கையிலும் வேலை இருந்ததால் மெக்கானிக் வாயால்தான் அலற முடிந்தது.

“அம்மா, செல்லை அழுத்திப் பிடிங்க! விட்டுடாதீங்க!”

அவர் பாய்ந்து வந்து அழுத்தினார். மூச்சுகூட விடவில்லை. விளக்கு தள்ளாடி, மெல்ல மெல்லத் தெளிந்தது. மெக்கானிக் புதுப் பேட்டரியை வைத்து ஈயத்தை இறக்கினார். புகை அடங்கியதும், கேமை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

முதலிடத்தில் அதே மூன்றெழுத்து.

அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இது மட்டும் போயிருந்தா, எனக்கு ஆயுசுக்கும் மனசு ஆறியிருக்காது.”

“கூலி கீலின்னு பேசாதீங்கம்மா” என்றார் மெக்கானிக். இப்படி அவர் சொன்னதை வேறு யாராவது கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

“அப்ப இங்கயே ஒரு ஆட்டம் ஆடிக்கவா? வீட்டுல எல்லாரும் இருக்கிறப்ப இதை எடுக்க முடியல.”

மெக்கானிக் ஸ்டூலை டியூப்லைட்டுக்கு நேர் கீழே நகர்த்திக் கொடுத்தார். அந்த அம்மா பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருகி, திரையின் கருமையைக் கூட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு கீச்சுப் பாட்டு கிளம்பியது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றார். மெக்கானிக் வாசலிலேயே மறித்தார். “கொஞ்சம் பொறுங்க சார். உள்ள ஒரு அம்மா அவங்க புருஷனை நினைச்சுக்கிட்டு இருக்காங்க” என்று ஆள்காட்டி விரலால் மேலே காட்டினார். வந்தவர் மரியாதையாகத் தன் செல்போன் சத்தத்தை அணைத்துவிட்டு, ஓரமாக நின்றுகொண்டார்.

உள்ளே பாட்டு வேகம் பிடித்தது. அந்த அம்மா இமைகூடக் கொட்டவில்லை. நாளைக்கு நாம் போய்ச் சேர்ந்தால் நம் பேரை இப்படிக் கட்டிக் காக்க வீட்டில் ஆள் உண்டா என்று மெக்கானிக் யோசித்தார். யோசிக்க யோசிக்க அழுகை வந்தது. மேசை துடைக்கிற துணியிலேயே மூக்கைச் சிந்தினார்.

பாட்டு சட்டென்று நின்றது. அந்த அம்மா நெடுமூச்சு விட்டு, பட்டனை நிதானமாகச் சிலமுறை அழுத்தினார். பிறகு கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“ஏங்க, இன்னியிலேருந்து நீங்க ரெண்டாவது.”