காவலுக்கு வந்தவை

ஸ்கேன் படத்தில் வீங்கியிருந்த புராஸ்டேட் சுரப்பியைப் பேனாவால் சுட்டினார் டாக்டரம்மா. “புற்றுநோய் இல்லங்கய்யா. எப்பவோ கிருமி வந்திருக்கலாம். விரட்ட வந்த காவல் செல்கள் திரும்பிப் போகல. அங்கேயே தங்கி சுரப்பியை வளர்த்துவிடுது. அதான் சிறுநீர்ப் பாதையை நெருக்குது.”

“அதுகள விரட்ட முடியாதாம்மா?” என்றார் தவசிமுத்து.

“மாத்திரை தரேன். ஆனா அதுவும் நம்ம ஆளுங்கதானே, முழுசா எப்படி விரட்டுறது?”

என்றோ நடந்த கலவரத்துக்குக் காவலாக வந்த போலீஸ் முகாம், இருபத்திரண்டு வருடங்களாக அவர் ஊர் மைதானத்தில் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வந்து, இப்போது ஊருக்குள் போகும் பாதையில் ஆட்டோகூட நுழைவதில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. நேராக அந்தச் சுவரோரம் போய் வேட்டியை ஒதுக்கினார். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

துப்பாக்கியோடு ஒரு காவலர் ஓடிவந்தார். “யோவ் பெருசு, இங்க நிக்கக் கூடாது. கிளம்பு.”

தவசிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தார்.

“நான் முடிச்சதும் போயிருவேன். நீங்க எப்பப் போறதா இருக்கீங்க?”