தோற்றவன் வாங்கும் டீ

கப்பலில் ஏற்ற வேண்டிய பெட்டிகளில் இருந்தது கண்ணீர்ப்புகைக் குண்டு. கப்பல் போகிற நாட்டில், தேர்தலில் தோற்ற அதிபர் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். தெருவில் நிற்கும் ஜனங்கள்மேல் வீசத்தான் இந்தச் சரக்கு. "ஏத்த மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, சுமை தூக்குவோர் சங்கத் தலைவர் இசக்கி, சரக்கை இழுக்கும் தன் கொக்கியைத் தரையில் போட்டார். பாதிப் பேர் போட்டார்கள். லூர்துவும் அவனுக்கு ஓட்டுப் போட்டவர்களும் கையிலேயே வைத்திருந்தார்கள். போன வாரம் சங்கத் தேர்தலில் இசக்கியிடம் தோற்றவன் லூர்து. தோற்றவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அந்தத் துறைமுகத்து வழக்கம். அவன் இன்னும் வாங்கவில்லை.

காண்டிராக்டர் அவன் தோளில் கை போட்டார். "உன் ஆளுங்கள வச்சு ஏத்துடே. அவன் ஜெயிச்சது செல்லாதுன்னு நான் எழுதித் தாறேன். நாளைலேருந்து நீதான் தலைவரு."

லூர்து அண்ணாந்து பார்த்தான். கப்பலின் சமையல்காரன், அந்த நாட்டுக்காரன், கம்பியைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க தோத்தவருக்கும் இப்படித்தான் எவனாவது எழுதிக் குடுத்திருப்பான், என்ன மொதலாளி?"

அவன் கொக்கி தரையில் விழுந்தது. பின்னால் மற்றவையும் விழுந்தன. டீக்கடைப் பக்கம் திரும்பிக் கத்தினான்: "அண்ணே, எல்லாருக்கும் டீ போடுங்க. நான் வாங்கித் தாறேன்."

"ஒரு வாரமா நாக்கு வறண்டு கெடக்கோம்ல" என்றார் இசக்கி.

"சீனி கொறச்சலாத்தான் இருக்கும், அண்ணாச்சி."

கடைசிக் கிளாஸை ஒரு வாளிக்குள் வைத்து, கப்பலிலிருந்து தொங்கிய கயிற்றில் கட்டினான் லூர்து. சமையல்காரன் சிந்தாமல், மெல்ல இழுக்கத் தொடங்கினான்.