மூன்றாம் நாள் பச்சை

"மஞ்சளா, பச்சையா? சீக்கிரம் சொல்லு!" குளியலறை வாசலில் நின்றபடி அப்பா அவசரப்படுத்தினார்.

"இப்பதானே தோய்ச்சேன்? ஒரு நிமிஷம் ஆகணும். உயிரை வாங்காதீங்க" என்றாள் அம்மா.

அவள் கையில், கப்பில் இருந்த சிறுநீரில் தோய்த்த சோதனை ஸ்டிரிப். மஞ்சளாகவே இருந்தால் ஒன்பது வயது மகளின் சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை. பச்சையானால் சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகுகிறது; கால் வீங்க ஆரம்பிக்கும். மூன்று நாள் தொடர்ந்து பச்சை வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் ஸ்டீராய்டு மாத்திரை. முந்தாநாள் பச்சை, நேற்றும் பச்சை.

"மாத்திரை வேணாம்மா" என்று கட்டிலிலிருந்து மகள் சிணுங்கினாள். "மூஞ்சி பன்னு மாதிரி ஆயிடும். நாடகத்துல நான்தான் ராணி!"

"கவலைப்படாத கண்ணு. இன்னிக்கு மஞ்சள்தான் வரும், வேணும்னா பாரு" என்றார் அப்பா.

"என்னமோ நீங்களே சாயம் தோய்ச்ச மாதிரி பேசறீங்க! முதல்ல போய் உட்காருங்க. கால் ரெண்டும் எப்படி வீங்கிக் கிடக்கு!"

"டெய்லர் காலு. பொழுதன்னிக்கும் மெஷின் மிதிச்சா வீங்காம என்ன செய்யும்?"

அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினாள். ஸ்டிரிப்பின் நுனி மெல்ல நிறம் மாறி, கடைசியில் கரும்பச்சையாக நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போச்சு. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கு போன் போடறேன். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்."

மகள் தலையணையில் முகம் புதைத்து அழ ஆரம்பித்தாள்.

அப்பா ஸ்டிரிப்பைப் பிடுங்கி, டப்பாவில் ஒட்டியிருந்த வண்ண அட்டவணையோடு வைத்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார்.

"போன் போடாத... இரு."

"எதுக்கு இருக்கணும்? தள்ளிப்போட்டா குழந்தைக்குத்தான் ஆபத்து!"

"நேத்து பூரா மாத்திரை வேணாம்னு அழுதா. எனக்கு மனசு கேக்கல. நாடகம் முடியட்டுமேன்னு, காலையில அவளோடதைக் கொட்டிட்டு..."

"கொட்டிட்டு?"

அப்பா குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"கப்புல இருக்கறது என்னோடது."