மாற்று பேட்டரி

"லிஃப்ட் வேண்டாம். படியிலேயே போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

கணவனின் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியைப் பார்க்க நேற்றுதான் வந்திருந்தாள். நெஞ்சுக்குள் பலவீனமான இதயத்துக்குத் துணையாக ஒரு பம்ப், இடுப்பில் அதை ஓட்டும் பேட்டரி. அந்த மனுஷனை மூன்று மாடி இறக்கி ஏற்றுகிறாள் இந்த மகராசி! காலையில் பேப்பர், அப்புறம் குப்பை, இப்போது பால். அவனும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்கே போனாலும் கூடவே இருக்க வேண்டிய மாற்று பேட்டரியைக்கூட எடுக்கவில்லை.

நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா என்று ஆரம்பித்துப் பொரிந்து தள்ளினாள் அக்கா.

மனைவி அசரவில்லை. "பம்ப் ஓடுதேன்னு இதயம் லீவு போட்டுட்டா எப்படி அண்ணி? சில பேருக்கு அது மறுபடி தேறி வருமாம். தினமும் படியேறச் சொல்லி டாக்டர்தான் சொன்னார். அடுத்த வாரம் பம்ப் வேகத்தைக் குறைச்சுப் பார்ப்பாங்க. தாங்கிட்டா எடுத்துடுவாங்க. இல்லேன்னா ஆயுசுக்கும் ஒயரோடதான். யார் என்ன சொன்னாலும் நான் விடறதா இல்லை."

சொல்லிவிட்டு, நூல் வாங்கணும் என்று துணிப்பையை மாட்டிக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கிப் போனாள்.

புருஷனுக்குப் படி, இவளுக்கு லிஃப்ட்டா! அக்கா கொஞ்ச நேரம் பொருமினாள். பிறகு மனசு கேட்காமல் படியிறங்கினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், பால் பாக்கெட்டும் கையுமாகத் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போதும்டா. இன்னிக்கே என்னோட கிளம்பு. இவ உன்னைக் கொன்னுடுவா."

அவன் உதட்டில் விரல் வைத்து, கீழே எட்டிப் பார்க்கச் சொன்னான்.

ஒரு திருப்பம் கீழே, சுவரோரம் ஒண்டியபடி படியில் உட்கார்ந்திருந்தாள் மனைவி. மடியில் துணிப்பை. அதன் வாயில் தெரிந்தது மாற்று பேட்டரி. முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படித்தான் பின்னாடியே ஏறி வர்றா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு" என்று கிசுகிசுத்தான்.

"அது சரிடா, உனக்கு இப்படி இளைக்குதே..."

"எனக்கு எங்க இளைக்குதுக்கா? அவ முழங்கால் வலி ஆறி எழுந்திரிக்க வேண்டாமா, அதுக்குத்தான் இந்த நடிப்பு."