நாற்பது வழக்கும் ஒரு ரயிலும்

ஆனரரி மாஜிஸ்திரேட் பாண்டுரங்கன் கோர்ட்டில் உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் கடிகாரத்தைக் கழற்றி, எல்லார் கண்ணிலும் படும்படி மேஜைமேல் வைப்பார். சம்பளம் இல்லாத உத்தியோகம்தான். ஆனால் விழுப்புரத்தில் அவரைப்போல வழக்குகளைத் தீர்த்துத் தள்ளியவர் கிடையாது. விளக்கில்லாத வண்டி, தெருவில் அவிழ்த்துவிட்ட மாடு, குடித்துவிட்டுக் கூச்சல் என்று ரகம் ரகமாகக் காகிதங்களைப் பிரித்து, பாதித் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுவார். பேரும் அபராதமும்தான் பாக்கி இருக்கும். 1937-இல் கடலூரிலிருந்து வந்த கலெக்டர் துரை இதற்காகக் கையைக் குலுக்கிவிட்டுப் போனதை, வருஷம் ஒன்றாகியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சனிக்கிழமை. கோர்ட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் திண்டிவனத்திலிருந்து தந்தி வந்தது. "நகைகள் களவு போயின. உடனே வரவும்."

தங்கை கல்யாணத்துக்காகப் பிறந்த வீடு போயிருந்த மனைவி, தன் இருபது சவரனையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ரயில். கோர்ட்டில் நாற்பது வழக்கு. வேறொருவராக இருந்தால் அத்தனையையும் ஒத்திவைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பார். இவர், நாற்பதையும் முடித்துவிட்டுத்தான் ரயிலேறுவது என்று தீர்மானித்தார்.

முப்பத்தொன்பது வழக்குகள் மளமளவென்று தீர்ந்தன. கடைசி வழக்குக்குக் கான்ஸ்டபிள் ராயப்பன் வந்து நின்றபோதுதான் அவருக்குப் பகீரென்றது. ராயப்பன் நல்ல மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. விளக்கில்லாத சைக்கிளைப் பற்றிச் சொல்வதென்றால், அன்று காலையில் தாம் கேப்பைக் கூழ் குடித்ததிலிருந்து ஆரம்பிப்பார்.

குமாஸ்தா படித்தார்: "துரைக்கண்ணு. நேற்று இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷன் ரோட்டில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியது."

ஒரு நோஞ்சான் ஆசாமி கூண்டில் ஏறிக் கும்பிட்டான்.

"குத்தந்தானுங்க எஜமான். ஒத்துக்கறேன். வாய்தா வாங்கிக்கினு அலைஞ்சா மண்டி வேலை கெட்டுப் போவுதுங்க."

பாண்டுரங்கனுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நேரத்தின் அருமை தெரிந்த ஒருவனை இந்த ஊரில் இப்போதுதான் பார்க்கிறார்.

"ஐயா, நேத்து ராத்திரி நான் புடிச்ச ஆளு..." என்று ராயப்பன் தொடங்கினார்.

"அவனே ஒத்துக்கினான். அப்புறம் உம்ம சாட்சி எதுக்கய்யா?"

"இல்லீங்கய்யா, சைக்கிள்ல வந்தவரு..."

"ராயப்பன், இன்னொரு வார்த்தை பேசினா உமக்கும் சேத்து அபராதம் போடுவேன்!"

கோர்ட்டு கொல்லென்று சிரித்தது. ராயப்பன் மட்டும் வியர்த்துப்போய் நின்றார். அதைப் பார்த்ததும் பாண்டுரங்கனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாசத்துக்கு இத்தனை கேஸ் காட்ட வேண்டும் என்பதற்காக மனிதர் எவனோ ஓர் அப்பாவியைப் பிடித்து வந்திருக்கிறார். இந்தத் துரைக்கண்ணுவைப் பார்த்தால் சைக்கிளில் ஏறத் தெரிந்தவனாகவே தெரியவில்லை. பொய்க் கேஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைக் கிளற உட்கார்ந்தால் ரயில் போய்விடும். அபராதத்தை நாலணாவாகக் குறைத்து, மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

துரைக்கண்ணு இன்னும் இறங்கவில்லை.

"எஜமான், மண்டி மொதலாளி நம்ப மாட்டாருங்க. லீவு போட்டுட்டு ஊர் சுத்தினேன்னு திட்டுவாரு. தீர்ப்புக் காகிதம் ஒண்ணு கெடைச்சா..."

மனுப் போட்டுவிட்டு நாலு நாள் காத்திருந்து வாங்க வேண்டிய நகல் அது. வேலைக்கு நேரத்தோடு திரும்ப நினைக்கிற ஒருவனை அப்படி அலைக்கழிக்கப் பாண்டுரங்கனுக்கு மனம் வரவில்லை. நாள், மணி, இடம் எல்லாம் விவரமாகத் தாமே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ரயில் புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவர் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நகையின் கவலைக்கு நடுவிலும், நாற்பதுக்கு நாற்பது என்று ஒரு பெருமிதம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது.

திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் வண்டிக்காகக் கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, சப்-இன்ஸ்பெக்டர் சிரித்த முகமாக எதிரே வந்தார்.

"கவலைய வுடுங்க சார், திருடனைப் புடிச்சாச்சு! பழைய கேடி. நீங்க வந்த இதே ரயில்ல, மூணாங் கிளாஸ்ல வந்து எறங்கினான். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அவன் பீரோவைத் தொறந்துக்கினு இருந்தப்போ உங்க வீட்டம்மா லாந்தர் வெளிச்சத்துல நல்லா மூஞ்சியப் பார்த்திருக்காங்க."

பாண்டுரங்கனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நகை?"

"அங்கதான் சார் பேஜாரு. வாயே தொறக்க மாட்டேங்கறான். கேட்டா, ராத்திரி எட்டு மணிக்கு நான் விழுப்புரத்துல சைக்கிள் ஓட்டிக்கினு இருந்தேன்னு கோர்ட்டுக் காகிதத்தை நீட்டறான். இவன் கூட்டாளி எவனோ இவன் பேரைச் சொல்லிக்கினு அங்க வேணும்னே மாட்டியிருக்கான்; பேரை எழுதிக்கினு, காலைல கோர்ட்டுக்கு வரச் சொல்லி வுட்டிருக்காங்க. காலைல இவன் போயி ஒத்துக்கினு வந்துட்டான். இது அந்த ஆளு இல்லேன்னு புடிச்ச கான்ஸ்டபிள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. இப்போ தீர்ப்பே ஆயிப்போச்சு. இனிமே இவனை எந்தக் கோர்ட்டு சார் உள்ள போடும்? எந்தப் புண்ணியவான் எழுதினாரோ, கையெழுத்து ஒரே கிறுக்கல். நீங்களே பாருங்க."

பாண்டுரங்கன் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. அதை எழுதி முடிக்கச் சரியாக ஒன்றரை நிமிஷம்தான் ஆயிற்று என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.