துண்டுக்குள் நடந்த பேரம்

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் பொருளாதாரம் நடத்தும் அருணகிரிக்கு வேறொரு பகல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அன்று பன்னிரண்டு மணிக்குள் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்; அது சட்டைப்பையில் இருந்தது. கடைசி வகுப்புதானே என்று வழக்கமான வாக்கியத்தில் தொடங்கினார். "சந்தையில வாங்குறவருக்கும் விக்கிறவருக்கும் எல்லா விவரமும் தெரியும்னு வச்சுக்குவோம்." இருபது வயதுப் பிள்ளைகள் என்றால் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள். முதல் பெஞ்சில் இருந்த ஐம்பது வயது மாட்டுத் தரகர் பொன்னுரங்கம், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எதையும் வாங்குகிற ஆள் இல்லை. "எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுட்டா நான் எதுக்கு சார்? என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்களே!" வகுப்பு சிரித்தது. "உங்க சந்தையில விலை எப்படிப் படியுது, காட்டுங்க" என்றார் அருணகிரி. பொன்னுரங்கம் எழுந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்து, மேலே தோள்துண்டைப் போட்டு மூடினார். "இதுக்குள்ள விரலுதான் பேசும். எத்தனை விரலப் புடிக்கிறனோ அதான் விலை. இன்னிக்கு மாடு வேணாம். நீங்க போறதா ஆபீசுல சொன்னாங்க. எங்களோட இன்னும் எத்தனை வருசம், அதப் பேசுவோம்." மூன்று விரல்கள் பிடிபட்டன. அருணகிரி ஒன்றை மடக்கிப் பார்த்தார். தரகர் அதை நிமிர்த்தினார். "எவ்வளவுக்கு சார் முடிஞ்சுது?" என்று கேட்டார் பின்பெஞ்சு நர்ஸ் ஜெசிந்தா. "துண்டுக்குள்ள பேசுறத வெளிய சொன்னா சந்தை கெட்டுப்போயிரும்மா" என்றார் அருணகிரி, பிறந்ததிலிருந்து மாடு விற்றவரைப் போல. பன்னிரண்டு மணி அடித்தது. கையெழுத்துப் போட வேண்டிய கை இன்னும் துண்டுக்குள்ளேயே இருந்தது.